மாடியிலிருந்து இறக்கிய பழைய வயர்கள்

ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மேற்குச் சுவரில், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழ் வீட்டு ஜன்னல் வரைக்கும் ஒரு கொத்துக் கறுப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை செய்கிற இரண்டு லைனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இந்தக் கோடையில் இறக்கியாகிவிட்டது. எப்படி இறக்கினீர்கள், எதைத் தொடக் கூடாது, இறக்கியதை என்ன செய்தீர்கள் என்று தெருவில் சிலரும் சொந்தத்தில் சிலரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பல வருடம் எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப் அறைக்குப் பக்கத்து மேஜை என்னுடையது. தெருவிலிருந்து வரும் கேபிளும் எக்ஸ்சேஞ்சுக்குள் இருக்கும் இயந்திரமும் சந்திக்கிற பெரிய இரும்புச் சட்டம்தான் எம்.டி.எஃப். தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வரைக்கும் வரிசை வரிசையாக டேக், அதாவது வயரை இணைக்கும் உலோக முனைகள், இருக்கும். அந்த முனைகளை இணைக்க ஒரு சந்தாதாரருக்கு ஒரு ஜோடி ஜம்பர் வயர். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அந்த ஜம்பரை இரண்டு முனையிலும் கழற்றி, முழுசாக உருவி எடுத்து, பதிவேட்டில் எழுதியாக வேண்டும். உருவாமல் விட்டால் சில வருடத்தில் செத்த வயர் சட்டத்தை அடைத்துக்கொள்ளும். புது ஜம்பர் நுழைய இடம் இருக்காது. எது யாருடையது என்று சொல்ல ஆளும் இருக்காது. எங்கள் லைன்மேன்கள் இதில் கறாராக இருந்தார்கள். அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்கு வந்து மேற்குச் சுவரைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

என் கணவருக்கு வேறு எண்ணம். "சும்மாதானே தொங்குது, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்பார். தொங்குகிற வயர் சும்மா இருப்பதில்லை. அதைத்தான் அவருக்கும் இங்கே படிக்கிறவர்களுக்கும் சொல்ல வருகிறேன்.

கீழ் வீட்டு ஹாலில் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவர் ஊறும். சுவரில் பூசிய பட்டி உப்பி, பொருக்குப் பொருக்காக உதிரும். பிளம்பர் வந்து பார்த்துவிட்டுப் பைப்பில் ஒரு குறையும் இல்லை என்றார். வண்ணம் அடிக்க வந்த மேஸ்திரிதான் வெளியே போய் அந்த இடத்துக்கு நேராகச் சுவரைத் தடவிப் பார்த்து, "ஓட்டை வழியாத்தாம்மா தண்ணி இறங்குது. இந்த வயரை எல்லாம் எடுத்தா நான் அடிக்கிறேன், இல்லன்னா அடிச்சும் பிரயோசனம் இல்ல" என்று சொல்லிவிட்டார். சுவரில் விரல் நுழைகிற மாதிரி ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வயர், சிலவற்றில் மூன்று வயர். ஓட்டைகளை உள்ளிருந்து வெளியே சரிவாகப் போட்டிருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வராது. எங்கள் வீட்டில் எல்லாம் நேராகவோ உள்பக்கம் சரிந்தோ இருந்தன. மாடியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, ஓட்டைக்குள் போய், பட்டியில் ஊறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையில் இங்கே ஒரே இரவில் எவ்வளவு கொட்டும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வயர் நுழைகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு, பிறகு மேலே ஏற்றி ஓட்டைக்குள் விட்டால், தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். இரண்டு நிமிட வேலை. எங்கள் சுவரில் ஒருவர்கூட அதைச் செய்திருக்கவில்லை.

அந்தக் கொத்தில் இருந்தது நாற்பது வருடச் சரக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் மாமா காலத்துத் தட்டை வயர். இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு செப்புச் சரம், நடுவில் ரிப்பன் மாதிரி பிளாஸ்டிக். மாமா, அதாவது என் மாமனார், 1984-ல் சாலிடேர் கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கினார். மெட்ராஸில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். எங்கள் தெருவுக்கு டி.வி. வந்து சேர அதற்கப்புறம் பல வருடம் ஆனது. சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் நிலையம். ஊரில் எந்த மாடியில் ஏறினாலும் ஆன்டெனாக்கள் அந்தத் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். ஆன்டெனாவுக்கு அலையின் நீளத்தில் பாதி அளவுக்குக் கம்பி வேண்டும். அன்றைக்கு ஒளிபரப்பு தாழ்ந்த அலைவரிசையில் வந்ததால் அலையும் நீளம், கம்பியும் நீளம். ஏழடிக்குக் குறையாது.

மாமா ஒரே ஜி.ஐ. பைப்பில் இரண்டு ஆன்டெனா கட்டியிருந்தார். மேலே இருந்தது வடகிழக்கே சேப்பாக்கத்தைப் பார்த்தது. கீழே இருந்தது தெற்கே இலங்கையைப் பார்த்தது. அதற்குத் தனியாகச் சிக்னலைப் பெருக்க ஒரு பூஸ்டர். இலங்கையின் ரூபவாஹினி டி.வி. 1982-ல் தொடங்கியது. கோடையில் கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றின் மீது சூடான காற்று ஒரு அடுக்காகப் படுத்துக்கொள்ளும்போது, நேராகப் போய்விட வேண்டிய அலை அந்த அடுக்கில் வளைந்து வெகுதூரம் வரும். சித்திரை, வைகாசி இரவுகளில் படம் தெளிவாகவே விழும். ஐப்பசியில் திரை முழுக்க வெறும் புள்ளி. கிரிக்கெட்டுக்காக மாமா இவ்வளவும் செய்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எந்த மாதத்தில் எது தெரியும் என்பதை அவர்தான் எனக்குப் பஞ்சாங்கம் சொல்வது போலச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த அடுக்கு, தொண்ணூறுகளின் கேபிள். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. தொடங்கியது. அந்த வருடத்துக்குள் பக்கத்து மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு முதல் கறுப்பு வயர் வந்துவிட்டது. பிறகு கேபிள்காரர் மாறினார், புது வயர். படம் சரியில்லை என்றோம், இன்னொரு புது வயர். பழையதை யாரும் எடுக்கவில்லை.

2003 செப்டம்பரில் சென்னையில் சி.ஏ.எஸ், அதாவது கட்டணச் சேனல்களைப் பூட்டி அனுப்பும் முறை, வந்தது நினைவிருக்கும். மற்ற பெருநகரங்கள் தள்ளிப் போட, இங்கே மட்டும் நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் வேண்டும், இலவசச் சேனலுக்கு வேண்டாம். அதனால் எங்கள் வீட்டில் சன்ஷேடுக்கு அடியில் ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து லைனைப் பிரித்தார்கள். ஒரு கிளை ஹால் பாக்ஸுக்கு, இன்னொன்று பாக்ஸ் இல்லாமல் நேராகப் படுக்கையறை டி.வி.க்கு. அப்புறம் டிஜிட்டல் மாற்றம். 2012 அக்டோபர் 31-க்குள் நான்கு பெருநகரங்களிலும் பழைய அனலாக் சிக்னலை நிறுத்த வேண்டும் என்று கெடு. சென்னையில் அது கோர்ட், வழக்கு என்று வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் எல்லாமே பாக்ஸ் வழி என்றான பிறகு அந்தப் படுக்கையறைக் கிளை செத்துவிட்டது. வயர் மட்டும் அப்படியே இருந்தது, ஸ்ப்ளிட்டரில் மாட்டியபடி. இதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு மேல் டி.டி.எச். டிஷ், குடியிருந்தவர்கள் விட்டுப் போன டிஷ், மாடிக்கு மாடி தூக்கிப் போட்ட நெட் வயர், கடைசியாக ஃபைபர். டி.டி.எச். இணைப்பை நிறுத்தச் சொன்னபோது கம்பெனி ஆள் வந்து பாக்ஸை மட்டும் எடுத்துப் போனார். டிஷ்ஷையும் வயரையும் எடுப்பது தங்கள் வேலை இல்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். ஓட்டை போட ஆள் அனுப்புகிற கம்பெனிக்கு அதே ஓட்டையை அடைக்கவும் கடமை உண்டு.

சரி, இறக்கும் வேலைக்கு வருகிறேன். முதல் விதி: எது உயிரோடு இருக்கிறது, எது செத்தது என்று தெரியாமல் கட்டிங் பிளையரைக் கையில் எடுக்கக் கூடாது.

எங்கள் தெருவுக்குக் கேபிள் நடத்துகிறவரைக் கூப்பிட்டேன். அவர் சிறு பையனாகக் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். வந்ததும் மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பைப்பில் சுற்றிக் கட்டியிருந்த தடிமனான இரண்டு வயரைக் காட்டினார்.

"அக்கா, இதுல மட்டும் கை வச்சிடாதீங்க. மெயின் லைன். ஆம்ப்ளிஃபயருக்குக் கரன்ட்டு இதே வயர்லதான் போவும்."

"ரெண்டுமா தம்பி?"

"ஒண்ணு என்னுது, ஓடுது. இன்னொண்ணு கடைய மூடிட்டுப் போனவரோடது. ஆனா செக் பண்ணாம அதையும் நம்பக் கூடாது."

அவர் சொன்னது முக்கியமான விஷயம். தெருவெங்கும் சிக்னலைக் கொண்டுபோகிற மெயின் லைனில், நடுவில் சிக்னலைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர்களுக்கான மின்சாரமும் அதே கேபிளில் போகும். பெரும்பாலும் 60 வோல்ட், ஏ.சி. வீட்டில் வைத்திருக்கிற சாதாரண டெஸ்டரின் சிவப்பு விளக்கு அந்த அளவுக்குச் சரியாக எரியாமலும் போகும். விளக்கு எரியவில்லை என்றால் கரன்ட் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மல்டிமீட்டர்தான் வேண்டும். ஏ.சி.யில் வைத்து ஒருமுறை, டி.சி.யில் வைத்து ஒருமுறை பார்க்க வேண்டும். டி.டி.எச். வயரிலும் பாக்ஸ் ஆனில் இருந்தால் டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் டி.சி. போய்க்கொண்டிருக்கும். ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் வெட்டும்போது நடுக்கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் உலோக வலையும் உரசினால் பாக்ஸ் போய்விடவும் கூடும். பாக்ஸை அணைத்து, பின்னைக் கழற்றிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

தெருவைக் குறுக்கே கடக்கும் வயரை நாம் தொடவே கூடாது, அது செத்ததே ஆனாலும். ஒரு முனையை வெட்டினால் மறுபாதி தெருவில் தொய்ந்து டூ வீலரில் போகிறவர் கழுத்துக்கு நேராக நிற்கும். மாநகராட்சி அவ்வப்போது அனுமதி இல்லாமல் தெருவிளக்குக் கம்பத்தில் இழுத்த கேபிள்களை அறுத்துவிடுகிறது. அறுத்த முனைகள் நடைபாதையில் சுருண்டு கிடப்பதை எல்லா ஏரியாவிலும் பார்க்கலாம். தெருவைக் கடந்த எங்கள் செத்த வயர்களை இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, கேபிள்காரரே சுருட்டி எடுத்துக்கொடுத்தார். தன் மெயின் லைனையும் எங்கள் தொட்டிப் பைப்பிலிருந்து அவிழ்த்து வெளியே மாற்றிக்கொண்டார். கேட்டால் செய்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

மற்ற வயர்களை நானே பார்த்தேன். மல்டிமீட்டரில் மின்சாரம் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கீழ் முனையில் நடுக்கம்பியையும் வலையையும் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். மாடிக்குப் போய் ஒவ்வொரு வயராக மீட்டரை வைத்தால், எதில் பீப் சத்தம் வருகிறதோ அதுதான் அந்த வயர். நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும். பல ஸ்ப்ளிட்டர்களில் நடுக்கம்பியும் வலையும் உள்ளேயே இணைந்திருக்கும், அதனால் முறுக்காமலே பீப் வரும். ஸ்ப்ளிட்டரைத் தேடிக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அடையாளம் தெரிந்ததும் இரண்டு முனையிலும் பெயின்டர் டேப் ஒட்டி அ, ஆ, இ என்று எழுதினேன். ஒரு முனையில் மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். எக்ஸ்சேஞ்சில் பழகிய கை.

ஃபைபர் வயர் மெலிதாகக் கறுப்பாக இருப்பதால் பழைய டெலிபோன் வயர் என்று நினைத்து இழுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது மயிரிழைக் கண்ணாடி. மடித்தால் போச்சு. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவே கூடாது. உடைந்த துணுக்கு தோலில் ஏறினால் எடுப்பதும் பெரும்பாடு.

சுவருக்குள் குழாயில் போகிற வயர் மட்டும் விதிவிலக்கு. அதை வெறுமனே உருவி எடுத்துவிட்டால் பின்னால் புது லைன் கொண்டுபோக வழி இருக்காது. பழைய வயரின் முனையில் நைலான் கயிறு கட்டி இழுத்தால் வயர் வெளியே வரும், கயிறு உள்ளே தங்கும். நாளைக்கு எந்த லைன் வந்தாலும் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். எங்கள் மாடிப்படி ஓரக் குழாயில் இப்போது ஒரு கயிறு காத்திருக்கிறது.

வெட்டிய பழைய வயர் ஒன்றை மேஜையில் வைத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். மேலே கறுப்பு உறை. அதற்குள் சல்லடையாகப் பின்னிய அலுமினிய வலை, அதற்குள் அலுமினியத் தாள், பிறகு வெள்ளை நுரை, நடுவில் கம்பி. நல்ல வயரில் தாள் பளபளவென்று இருக்கும். இதில் ஓரடி நீளத்துக்கு அது வெள்ளைப் பொடியாகிவிட்டிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. நுரை காப்பி நிறம். மாடியில் இருந்த ஜாயின்ட் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், அந்த வலைப் பின்னல் வழியாகவே துளித்துளியாகக் கீழே நகர்ந்திருக்கிறது. கடற்கரை ஊரில் காற்றிலேயே உப்பு. உறைக்கு வெளியே ஒன்றுமே தெரியாது, கறுப்பாக முழுசாக இருக்கும். "எப்பவாவது உதவும்" என்று பரணில் சுருட்டி வைக்கிறவர்களுக்கு இதை அவசியம் காட்ட வேண்டும். இருபது வருடம் வெயிலும் மழையும் பார்த்த கேபிள் எதற்கும் உதவாது.

நடுக்கம்பி செம்பு நிறத்தில் இருந்தாலும், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தைக் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே எஃகு, மேலே செம்புப் பூச்சு. வீட்டுக்கு வருகிற கேபிள் பெரும்பாலும் இப்படித்தான். சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் பூச்சே போதும். ஆகவே செம்பு விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

இப்போது ஸ்ப்ளிட்டர் கதை. சன்ஷேடுக்கு அடியில் இருந்தது துருப்பிடித்து, குளவி கூடு கட்டி, அடையாளமே தெரியாமல் இருந்தது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளைக்கும் பாதிச் சக்தியைத்தான் தரும், தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிடும். அத்தை (என் மாமியார்) பார்க்கிற ஹால் டி.வி.க்கு இத்தனை வருடமும் பாதிச் சிக்னல்தான் வந்திருக்கிறது. மீதிப் பாதி, யாரும் பார்க்காத படுக்கையறை வயரில் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தொங்கும் முனையிலிருந்து சிக்னல் திரும்பி எதிரொலித்துத் தொந்தரவும் கொடுக்கும். டிஜிட்டலில் இதெல்லாம் புள்ளியாகத் தெரியாது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். சீரியலில் முக்கியமான வசனம் வரும்போதுதான் நிற்கும் என்று அத்தை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிச்சி தெருவில் கேபிள் முனையில் மாட்டுகிற நல்ல எஃப் பின் வாங்கிவந்து, ஸ்ப்ளிட்டரை எடுத்துவிட்டு, மாடியிலிருந்து ஹால் வரை ஜாயின்ட்டே இல்லாமல் ஒரே புது வயரைக் கேபிள்காரர் இழுத்துக் கொடுத்தார். அன்று ராத்திரி எட்டு மணி சீரியல் முடிகிறவரை அத்தை ஒருமுறைகூட ரிமோட்டைத் தட்டவில்லை. "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேடி" என்றார்.

ஆன்டெனா பைப்பைத்தான் கடைசிக்கு வைத்திருந்தோம். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது மேல் ஆன்டெனாவின் கம்பிகள் சில பறந்துவிட்டன, டிஷ்ஷின் கை முறுக்கிக்கொண்டது, ஆனால் மாமா நட்ட பைப் அசையவில்லை. கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் க்ளாம்ப் போட்டு, காங்கிரீட்டில் ஊன்றியிருந்தார். இத்தனை நீள உலோகத்தை மாடியில் சாய்க்கும்போது பக்கத்தில் ஈ.பி. லைன் போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எங்கள் தெருப்பக்கம் லைன் இருப்பதால் பின்பக்கமாகச் சாய்த்தோம். கயிறு கட்டி, மூன்று பேர் பிடித்து. இடி மழை அறிகுறி இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

பைப்பில் மேல் க்ளாம்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இருந்தது, க்ளாம்பிலும் அதற்கு நேராக ஒரு கோடு. காற்றில் பைப் திரும்பிவிட்டால் இரண்டு கோட்டையும் நேராகக் கொண்டுவந்தால் போதும், சேப்பாக்கம் சரியாக விழும். மாமா போட்ட குறி. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. என் கணவர் அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். இருந்துட்டுப் போகட்டும் என்று அவர் சொன்னதில் இதுவும் இருந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. பைப்பில் அந்த ஓரடியை மட்டும் அறுத்து எடுத்து வைத்திருக்கிறோம். மீதியை வைத்திருக்கக் காரணம் இல்லை. நாடெங்கும் தூர்தர்ஷனின் பழைய அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்துவதாக பிரசார் பாரதி அறிவித்துவிட்டது. அந்த ஆன்டெனா பிடிக்க வேண்டிய அலை இப்போது இல்லை. தூர்தர்ஷன் பார்க்கிறவர்களுக்கு மாதக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டிஷ் இருக்கிறது.

இறக்கியதெல்லாம் போர்டிகோவில் ஒரு குவியல். காயலான் கடைக்காரர் வந்தார். அவரும் சட்டைப் பையிலிருந்து காந்தத்தைத்தான் முதலில் எடுத்தார். அலுமினியக் கம்பிகளுக்கு நல்ல விலை, ஜி.ஐ. பைப்புக்கு இரும்பு விலை, மாமாவின் தட்டை வயரில் இருந்தது அசல் செம்பு என்பதால் அதற்கும் காசு. கேபிள் சுருள்களைத் தள்ளி வைத்தார். "வேணும்னா எடுத்துட்டுப் போறேன்மா, காசு இல்ல" என்றார். எடுத்துப் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பதில் வராததால் கொடுக்கவில்லை. குப்பைமேட்டு ஓரத்தில் வயரைக் கொளுத்தி உலோகத்தை எடுக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. மேலே இருப்பது பி.வி.சி. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டயாக்சினும் வரும். பழைய பி.வி.சி.யில் ஈயமும் கலந்திருக்கும். அந்தப் புகையில் நிற்கிறவர் பாவம், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அதைவிடப் பாவம். என் சுவர் சுத்தமாக வேண்டும் என்று இன்னொருவர் மூச்சைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்ப்ளிட்டர், பூஸ்டர், அடாப்டர், கேபிள் சுருள் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, அங்கீகாரம் உள்ள மின்கழிவு நிறுவனத்தின் வண்டிக்குக் கொடுத்தோம். அதில் காசு ஒன்றும் வராது. அது பரவாயில்லை.

டி.வி. ஸ்டாண்டுக்குள் இருந்த சின்ன வயர்களில் எச்.டி.எம்.ஐ. ஒன்று, சிவப்பு வெள்ளை மஞ்சள் வயர் ஒன்று மட்டும் வைத்துக்கொண்டேன். வேலை செய்கிற அடாப்டர்களின் தலையில் எந்தப் பெட்டியுடையது, எத்தனை வோல்ட் என்று எழுதி ஒட்டினேன். 5 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் பெட்டி போய்விடும், பின் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பழைய ஓட்டைகளை மேஸ்திரி கொத்திப் பெரிதாக்கி, சிமென்ட் கலவை அடைத்து, மேலே வாட்டர் புரூஃப் பூசிவிட்டார். பட்டி மட்டும் வைத்து அடைத்தால் அடுத்த மழைக்கு வாயைத் திறக்கும் என்றார். இரண்டு லைனுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டை, வெளிப்பக்கம் சரிவாக, உள்ளே ஒரு துண்டு பி.வி.சி. பைப் வைத்து. வயர்கள் பைப்புக்குள் நுழையும் முன் தொங்கலாக வளைந்து நிற்கின்றன. சுவரில் இறங்குகிற இடத்தில் வயரை மூடும் கேசிங் அடித்தோம். அதற்கும் சுவர் நிறமே அடித்துவிட்டதால் தெருவிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்த லைன், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வருடம் போட்டது, யாரைக் கூப்பிட வேண்டும். அடியில் ஒரு வரி: புது வயர் போடுகிறவர் பழையதை இறக்கி, ஓட்டையை அடைத்த பிறகுதான் பணம். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் பையன் போன வாரம் நெட் கம்பெனிக்குச் சொல்லியிருந்தான். வந்த ஆள் ட்ரில்லோடு மேற்குச் சுவருக்குப் போனார். பையன் அவரைக் கூட்டிவந்து அந்தத் தாளைக் காட்டினான். படித்துவிட்டு, "பைப்லயே இடம் இருக்குதே மேடம்" என்று சொல்லி அதன் வழியாகவே ஃபைபரைக் கொண்டுபோனார். அவருடைய லைனையும் தேதியோடு தாளில் சேர்த்துவிட்டேன்.